புளித்த கந்தகம்

சுரங்க கேம்ப், பீகார்
22-11-1960

அன்புள்ள சின்னத்தாய்க்கு,

வெள்ளைத்துரை எழுதுவது. நான் சுகம். நீயும் உன் தம்பி, நம்ம மாப்பிள்ளை சங்கிலிமுத்துவும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். உன்னிடமிருந்து கடிதம் வந்து முப்பது நாளாகிறது.

"இங்கேயாவது ஒரு இடத்தில் உட்காருவீகளா" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். கோலாரை விட்டு இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. உட்கார விட்டால்தானே! பகல் முழுக்கக் கழிவுக்கல் மேட்டுக்கும் லேபுக்கும் நடைதான். தாமிரம் எடுத்தது போக மிச்சக் கல்லை இங்கே குன்று குன்றாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதிலும் கொஞ்சம் தாமிரம் இருக்கிறது. உருக்கி எடுத்தால் கட்டுபடியாகாது. ஆனால் மழை பெய்தால் அந்தக் குன்றின் அடியிலிருந்து மயில்துத்தம் கரைத்த நீல நிறத்தில் தண்ணீர் வருகிறது. அதில் பழைய தகரத்தைப் போட்டு வைத்தால் மறுநாள் தகரத்தின்மேல் செம்பு படிந்து கிடக்கிறது. நான் ஒரு பழைய பிளேடைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பாக வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் லேப் பெரியவர் கோஷ் பாபு சொல்கிறார், தாமிரத்தைக் கரைப்பது மழை இல்லையாம். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் அந்தக் கல்லில் இருக்கிறதாம். அது கல்லில் உள்ள இரும்பையும் கந்தகத்தையும் தின்று புளிப்பை விடுகிறது, அந்தப் புளிப்பில் தாமிரம் கரைந்து வருகிறது. அமெரிக்காக்காரன் இதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறான். நாங்களும் தொட்டி கட்டி அதை வளர்க்கப் பார்க்கிறோம். மூன்று தடவை வைத்தாயிற்று. எங்கள் கல்லில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் புளிப்பு ஏறமாட்டேன் என்கிறது. தொட்டி பிடித்துவிட்டால் எனக்கு வேலை நிரந்தரம், குவார்ட்டர்ஸ் உண்டு, நீயும் இங்கே வந்துவிடலாம். பிடிக்காவிட்டால் நான் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பதில் எழுது. தாமதித்தால் எனக்குக் கை கால் ஓடாது.

உன் பிரியமுள்ள
வெள்ளைத்துரை


விஸ்வநத்தம்
5-12-1960

அன்புள்ள மச்சானுக்கு,

சின்னத்தாய் எழுதிக்கொண்டது. முப்பது நாளை எண்ணி எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்று வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எழுதிக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கல்லைத் தின்கிற பூச்சி என்று தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். "மச்சான் அங்கன பட்டினி கிடக்காக போல, அதான் பூச்சி கல்லைத் திங்கிற மாதிரி கனாக் காணுதாக" என்று சிரிக்கிறான். இப்போது அவன்தான் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறான். கை சுத்தம் என்று போர்மேன் அவனை மருந்து அறையில் போட்டுவிட்டார். அவனுக்குப் பஞ்சம்மாளைப் பேசி முடித்திருக்கிறோம், வருகிற வைகாசியில் கல்யாணம். நீங்கள் வந்து நிற்க வேண்டும்.

இங்கே கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. கொட்டகை ஒழுகி கந்தக மூட்டைகள் நனைந்துவிட்டன. என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. மூட்டைக்கு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல கந்தகத்துக்கு ருசியே கிடையாது. இந்தத் தடவை பதினொரு மூட்டை புளித்துக் கிடந்தது. பச்சைப் புளியங்காய் தோற்றது, இன்னும் பல் கூசுகிறது. எல்லாவற்றையும் கழித்துப் பின் சுவரோரம் கொட்டச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சாக்கு தொட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்கிறது, புளிப்பும் முன்னைவிடக் கூடியிருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்தக் குவியல்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் பூச்சி விஸ்வநத்தத்துக்கும் வந்துவிட்டதோ என்னவோ. வேடிக்கைக்கு எழுதினேன், நீங்கள் வேறு இதைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடக்காதீர்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
சின்னத்தாய்


சுரங்க கேம்ப்
15-12-1960

என் சின்னத்தாய்க்கு,

நீ வேடிக்கைக்கு எழுதினாய். கோஷ் பாபு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கந்தகத்தை மட்டும் தின்று புளிப்பைக் கக்கும் வகை ஒன்று தனியாக உண்டாம். இங்கே கல்லில் இருப்பது இரும்பைத் தின்னும் வகை. உன் ஊர் வகை முதலில் புளிப்பை ஏற்றிக் கொடுத்தால், எங்கள் வகை அதில் பிழைத்துக்கொள்ளும் என்கிறார். "உன் பெண்டாட்டி நாக்கு என் லேபை விட நல்ல லேப்" என்று இந்தியில் சொன்னார்.

அந்தக் குவியலிலிருந்து இரண்டு படி அளவு ஈரத்தோடு எடுத்து டப்பாவில் போட்டு பார்சல் அனுப்பு. முக்கியமான விஷயம்: சுண்ணாம்பு மட்டும் அதில் படக்கூடாது. ஒரு கைப்பிடி போதும், அத்தனையும் செத்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கழிவுக் கந்தகத்தின் தலையில் கொட்டுவது நம் கம்பெனி வழக்கம், எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த வருடம் எப்படியாவது அதைத் தடுத்துவிடு.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து தபால் பை போய்விட்டதா என்று பார்த்து வந்தேன்.

வெள்ளைத்துரை


விஸ்வநத்தம்
18-1-1961

அன்புள்ள மச்சானுக்கு,

பொங்கலுக்கு வருவீர்கள் என்று வாசலில் பெரிதாகக் கோலம் போட்டேன். கோழி வந்து கிளறியது. அது போகட்டும்.

பார்சலைத் தம்பி சிவகாசித் தபாலாபீசில் போட்டுவிட்டான். உள்ளே என்ன என்று கேட்டதற்கு "எங்க மச்சான் வளக்கிற பிராணிக்குத் தீனி" என்று சொல்லியிருக்கிறான். இவனை என்ன செய்வது.

போகிக்கு முந்தின நாள் வெள்ளையடிப்பு நடந்தது. இருளாண்டி இரண்டு வாளி சுண்ணாம்போடு பின் சுவருக்குப் போனார். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். "என்னத்தா, குப்பைக்குக் காவலா?" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு வேணும்" என்றேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் ஒன்றைக் கேட்டு நான் செய்ய முடிந்தது இந்த மூன்று வருடத்தில் இதுதான், அதனால் சந்தோஷமாகவும் இருந்தது. சுண்ணாம்பைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டார்.

தொட்டி பிடித்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

சின்னத்தாய்


சுரங்க கேம்ப்
2-4-1961

என் கண்ணான சின்னத்தாய்க்கு,

பிடித்துவிட்டது! முதலில் நாற்றம்தான் வந்தது. பிறகு தண்ணீர் மங்கலாயிற்று. நாற்பதாம் நாள் ஓரமெல்லாம் நீலம் தட்டியது. தகரத்தைப் போட்டு எடுத்தோம். விரல் கனத்துக்குச் செம்புப் பொடி! கோஷ் பாபு என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார், இன்னும் வலிக்கிறது. தொட்டிக்கு மேலே பலகையில் ஏதோ இங்கிலீஷ் பெயர் எழுதியிருக்கிறார்கள். நான் என் மனதுக்குள் அதை விஸ்வநத்தம் தொட்டி என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

மழைக்கு முன் பெரிய தொட்டி கட்டப்போகிறார்கள். அதற்கு இன்னொரு பார்சல் வேண்டும், இந்தத் தடவை பத்துப் படி. அதுவரை குவியலை யாரும் தொடாமல் பார்த்துக்கொள். பெரிய தொட்டியும் பிடித்துவிட்டால் நிரந்தர வேலைக்கான ஆர்டர் என் கையில். சின்னத் தொட்டியை ஒரு நாள் விட்டுப் போனாலும் மற்றவன் கெடுத்துவிடுவான், அதனால் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு வரமுடியாது. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். நீ கோபிப்பாய். குவார்ட்டர்ஸில் குடி வைத்து உன் கோபத்தைத் தீர்க்கிறேன்.

வெள்ளைத்துரை


விஸ்வநத்தம்
3-7-1961

அன்புள்ள மச்சானுக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மச்சான் முறைக்கு மோதிரம் போட வேண்டிய இடத்தில் ஆள் இல்லாமல் நானே போட்டுவிட்டேன். அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை.

இங்கே சீசன் தொடங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிற கந்தகத்துக்கு லைசென்ஸ் தாமதமாம், லோடு வரவில்லை. தீபாவளி ஆர்டர் மட்டும் குவிந்து கிடக்கிறது. மேனேஜர் தனுஷ்கோடி அண்ணாச்சி நேற்று பின் சுவர்ப் பக்கம் போய்க் குவியலைக் கிண்டிப் பார்த்தார். ஆடிக் காற்றில் காயப்போட்டு, நல்ல கந்தகத்தோடு பாதிப் பாதி சேர்த்துவிடலாம் என்கிறார். "காஞ்சாலும் புளிப்பு போகாது அண்ணாச்சி, குளோரேட்டோட சேந்தா தானா பத்திக்கிடும்" என்று சொன்னேன். "யாரு சொன்னா? ஒன் நாக்கா சொல்லுது? எம்புட்டு மூட்டைய இப்படியே நாக்க நீட்டி நீட்டிக் கழிச்சிருக்க தெரியுமா?" என்கிறார்.

கலர் மத்தாப்புக்குக் குளோரேட் உப்பு கலக்குகிறவன் உங்கள் மாப்பிள்ளை. என் பேச்சு அண்ணாச்சியிடம் எடுபடாது. படித்தவர் எழுதினால் எடுபடும். கோஷ் பாபுவிடம் சொல்லி, இந்தக் கந்தகத்தில் இருப்பது திராவகப் புளிப்பு, குளோரேட்டோடு சேர்க்கக் கூடாது என்று இங்கிலீஷில், கம்பெனித் தாளில், சீல் வைத்து ஒரு வரி வாங்கி அனுப்புங்கள். முதலாளியிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீங்களும் அந்த அறையில் இருந்தவர்தான், உங்களுக்குத் தெரியாததை நான் எழுதவில்லை.

உடனே அனுப்புங்கள். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

சின்னத்தாய்


சுரங்க கேம்ப்
20-7-1961

அன்புள்ள சின்னத்தாய்க்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாபுவிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் பெரிய தொட்டி வேலை தலைக்குமேல் இருக்கிறது, பேனாவைத் தொடவே நேரமில்லை. எப்படியும் எழுதி வாங்கிவிடுகிறேன்.

நீ அதற்குள் அந்தப் பத்துப் படியை அனுப்பிவிடு. நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். தாளைப் பார்த்ததும் முதலாளி அன்றைக்கே குவியல்மேல் சுண்ணாம்பைக் கொட்டச் சொல்லிவிடுவார். அப்புறம் நான் எங்கே போவேன்? சின்னத் தொட்டி வேறு இரண்டு வாரமாகச் சோர்ந்து கிடக்கிறது. தனுஷ்கோடி அண்ணாச்சி சொல்வதோடு சரி, கலக்க ஆவணி ஆகிவிடும். பத்துப் பதினைந்து நாளில் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

பார்சலை முதலில் அனுப்பு.

வெள்ளைத்துரை


விஸ்வநத்தம்
27-7-1961

மச்சானுக்கு,

பார்சல் போகாது. போன தடவை அனுப்பியது டப்பாவை அரித்துத் தபால் பையையும் அரித்துவிட்டதாம். சிவகாசியில் போஸ்ட்மாஸ்டர் என் முகத்தைப் பார்த்ததும் "அம்மா, தயவு பண்ணி வேற ஊருக்குப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். ரயில் பார்சலில் அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் அனுப்ப மாட்டேன். தாள் வந்தால்தான் பார்சல்.

குவியலை வாரிக் கொண்டுபோய்க் காயப்போட்டு அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இப்போது நான் சுண்ணாம்பு கொட்டவும் முடியாது. சுவரோரம் ஒரு கூடை அளவு மட்டும் மிச்சம் கிடக்கிறது. பொங்கலுக்குக் குறுக்கே நின்ற என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தம்பியிடம் வேலைக்குப் போகாதே என்றேன். "நான் போகலன்னா கருப்பணனப் போடுவாக, அவனுக்குக் கை நடுங்கும். நான்னா பாத்துப் பக்குவமா செய்வேன்ல" என்கிறான். அவனைக் கோபிக்கவும் முடியவில்லை. எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மருந்து அறைப் பக்கம் யாராவது சத்தமாகத் தும்மினால்கூட எழுந்து ஓடுகிறேன்.

தாளை அனுப்புங்கள் மச்சான். கும்பிட்டுக் கேட்கிறேன்.

சின்னத்தாய்


சுரங்க கேம்ப்
9-8-1961

அன்புள்ள சின்னத்தாய்க்கு,

பிடிவாதத்தில் உன்னை ஜெயிக்க முடியுமா? இதோ தாள். நேற்றுதான் பாபுவை ஒரேயடியாக உட்கார வைத்து எழுதி வாங்கினேன். கம்பெனித் தாள், சீல், கையெழுத்து எல்லாம் நீ கேட்டபடி. முதலாளியிடம் கொடு. இனி நிம்மதியாகத் தூங்கு.

உனக்கு இன்னொரு நல்ல சேதி. பெரிய தொட்டி பிடிக்கும்வரை காத்திருக்காமல் நிரந்தர ஆர்டர் முதல் தேதியே கைக்கு வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் பார்த்தேன். இரண்டு அறை, பின்னால் முருங்கை வைக்க இடம் இருக்கிறது. தீபாவளிக்கு வந்து உன்னைக் கையோடு அழைத்து வருகிறேன். இந்தத் தடவை சத்தியமாக. பெரிய தொட்டிக்கு அந்தச் சுவரோரத்துக் கூடையை மட்டும் எப்படியாவது அனுப்பி வைத்துவிட்டு, மிச்சத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு வேண்டுமானாலும் கொட்டிக்கொள்.

மாப்பிள்ளைக்குச் செம்பில் ஒரு காப்பு செய்யச் சொல்லியிருக்கிறேன். நம் தொட்டியில் எடுத்த செம்பு. கல்யாணத்துக்கு வராத குற்றத்துக்கு.

உன்
வெள்ளைத்துரை


விஸ்வநத்தம்
27-8-1961

வெள்ளைத்துரை அவர்களுக்கு,

நேற்று சங்கிலிமுத்துவுக்குப் பதினாறு முடிந்தது.

தந்தி கொடுக்கலாம் என்று போர்மேன் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். நீங்கள் ஓடி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலையில் பத்து மணி இருக்கும். கலந்து வைத்த மருந்தைத் தட்டில் பரப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பியிருக்கிறான். யாரும் தொடவில்லை, எதுவும் விழவில்லை. தானாகப் பற்றிக்கொண்டது. அவனாகவே நடந்து வெளியே வந்தான். மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான், நல்ல நினைவோடு இருந்தான். "அக்கா, நான் ஒண்ணும் தட்டலக்கா. பக்குவமாத்தான் வச்சேன். போர்மேன்ட்ட சொல்லிரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்கிறேன் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை விடியக்காலம் போய்விட்டான்.

உங்கள் தாள் திங்கட்கிழமை வந்தது. அதைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தேன். தனுஷ்கோடி அண்ணாச்சி எடுத்து வாசித்தார். வாசித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது முன்னமே வந்திருந்தா நான் சேத்திருப்பேனா தாயி" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. சேர்த்திருக்க மாட்டார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நம்பர் தெரியும். தாளின் தலையில் 17-7-61 என்று போட்டிருக்கிறது. பாபுவின் கையெழுத்துக்குக் கீழேயும் அதே தேதிதான். நீங்கள் இருபதாம் தேதி, பாபுவுக்குப் பேனாவைத் தொட நேரமில்லை என்று எனக்கு எழுதினீர்கள். அன்றைக்கு இந்தத் தாள் உங்கள் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. ஒன்பதாம் தேதி வரைக்கும் இருந்திருக்கிறது. ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் வெளியே வந்திருக்கிறது.

அந்தப் பூச்சிமேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குத் தெரிந்தது தின்பது ஒன்றுதான். தனுஷ்கோடி அண்ணாச்சிமேல்கூட அதிகம் இல்லை, அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பொங்கலுக்கு வாளியின் குறுக்கே நின்றவள் நான், தாள் வந்தால்தான் பார்சல் என்று வீம்பு பிடித்தவளும் நான். பார்சலை முதலில் அனுப்பியிருந்தால் தாள் வந்திருக்குமோ என்று கணத்துக்குக் கணம் யோசிக்கிறேன். அந்தப் பங்கை நான் சாகும்வரை சுமந்துகொள்கிறேன். உங்கள் பங்கை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துச் சுமக்க முடியாது.

பஞ்சம்மாள் என்னோடு இருக்கிறாள். காப்பு எதுவும் அனுப்ப வேண்டாம், போடக் கை இல்லை. தீபாவளிக்கும் வர வேண்டாம்.

முந்தாநாள் நானே இரண்டு வாளி சுண்ணாம்பு கரைத்து, பின் சுவரோரம் கிடந்த மிச்சத்தின்மேல் கொட்டினேன். நுரைத்து அடங்கியது. கொட்டுவதற்கு முன் ஒரு ஜாடி அளவு தனியே எடுத்து வைத்தேன். ஊறுகாய் ஜாடி, பீங்கான், அரிக்காது. வாயை மெழுகு வைத்து அடைத்து, விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் பார்சல் போட்டிருக்கிறேன். ரசீது இத்துடன் இருக்கிறது.

நீங்கள் கேட்ட இரண்டாவது பார்சல் இதுதான். பெரிய தொட்டி கட்டாயம் பிடிக்கும். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன், நன்றாகப் புளிக்கிறது.

சின்னத்தாய்
சங்கிலிமுத்துவின் அக்காள்